ஒரு புள்ளியும் நானூறு வீடும்

போன பொங்கலுக்கு தஞ்சாவூர் வந்தபோது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். புது லேப்டாப்புக்கு மாறும் உற்சாகத்தில், ஹோம் டைரக்டரியில் நின்று 'சிபி' கமாண்டோடு ஒரு ஸ்டார் போட்டு எல்லாவற்றையும் காப்பி பண்ணிவிட்டு, பழசை ஃபார்மட் அடித்தாச்சு. அப்புறம் ஜிடிபியைத் திறந்தால்... நாலு வருஷமா சேர்த்த கமாண்டுகள், பிரிண்ட் செட்டிங்ஸ் எல்லாம் காலி!

ஜிடிபி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய டீபக்கர். நம்ம விருப்பங்களை ஹோம் டைரக்டரியில் '.ஜிடிபிஇனிட்' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருந்துதான் படிக்கும். பிரச்சனை, பேருக்கு முன்னாடி நிற்கும் அந்தப் புள்ளி. புள்ளியில் தொடங்கும் பேர்களை ஸ்டார் தொடாது, 'எல்எஸ்' காட்டாது.

ஏன் காட்டாது? இது யாரும் உட்கார்ந்து யோசித்து செய்த டிசைன் இல்லைங்க. யுனிக்ஸின் ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு டைரக்டரியிலும் ஒற்றைப் புள்ளி (இந்த இடம்), இரட்டைப் புள்ளி (மேலே உள்ள இடம்) என்று இரண்டு பேர்கள் வந்தன. லிஸ்டில் அவை தெரியவேண்டாம் என்று கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ ஒரு குறுக்கு வழி பிடித்தார்களாம்: முதல் எழுத்து புள்ளியா, விட்டுடு. 2012-இல் ராப் பைக் சொன்ன கதை இது. முழுப் பேரையும் ஒப்பிட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஆனால் இந்தச் சந்தில் மற்ற ஃபைல்களும் ஒளிந்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. '.புரொஃபைல்', '.எக்ஸ்ஆர்சி', '.ஜிடிபிஇனிட்' என்று வரிசையாகக் குடியேறிவிட்டன.

2003-இல் ஃப்ரீடெஸ்க்டாப் குழு, எல்லாவற்றையும் '.கான்ஃபிக்' என்ற ஒரே டைரக்டரிக்குள் வையுங்கள் என்றது. இப்போதைய ஜிடிபியும் முதலில் அங்கேதான் தேடும். கூத்து என்னவென்றால், அந்த டைரக்டரிக்கும் முன்னாடி புள்ளி!

மனசு ஆறாமல் சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போனேன். 1014 வாக்கில் ராஜராஜன் வெட்டுவித்த தளிச்சேரிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோயிலில் ஆட அமர்த்திய 400 பெண்களின் பேர், எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு எல்லாம் அதில் உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு யாருக்குப் போகவேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. 400 யூசர்களின் செட்டிங்ஸ்... ஆயிரம் வருஷம் பேக்கப் இல்லாமலேயே நிற்கிறது. காரணம், ஒளிக்கவில்லை. எல்லார் கண்ணிலும் படுகிற கல்லில் வெட்டி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், நினைவில் இருந்த கமாண்டுகளை மறுபடி எழுதினேன். இப்போது அந்த ஃபைல் புள்ளி இல்லாத பேரில், கண்ணுக்குத் தெரியும் ஒரு கிட் ரெப்போவில் இருக்கிறது. ஹோமில் இருப்பது அதற்கு ஒரு லிங்க் மட்டும்.

நீங்களும் மெஷின் மாற்றும் முன் ஒரு தடவை 'எல்எஸ் மைனஸ் ஏ' அடித்துப் பாருங்க. உங்க நாலு வருஷம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.