சினிமா விமர்சனம் பள்ளிக்கூடம் போன கதை

சித்தப்பா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பிடிச்ச படம் ஒண்ணைப் பார்த்து விமர்சனம் எழுதிட்டு வரணும்னு ஸ்கூல்ல அசைன்மென்ட். கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை, இயக்கம், படம் சொல்லும் கருத்துன்னு தலைப்புகளையும் அவங்களே கொடுத்துட்டாங்க. அட, நாம வெள்ளிக்கிழமை ராத்திரி படம் பார்த்துட்டு வந்து சனிக்கிழமை எழுதுற விமர்சனத்தோட எலும்புக்கூடும் இதேதானே! இந்தப் பட்டியல் எவ்வளவு பழசுன்னு தேடிப் போனேன். அது 1933 அமெரிக்காவில் கொண்டு போய் விட்டது.

அப்போ அங்கே பெரியவங்களுக்கெல்லாம் ஒரே கவலை. பிள்ளைங்க வாராவாரம் தியேட்டருக்குப் போறாங்க, கெட்டுப் போயிடுவாங்களோ? கவலையோட நிறுத்தாம ஆராய்ச்சியே பண்ணிப் பார்த்துடலாம்னு இறங்கினாங்க. பெய்ன் ஃபண்ட் என்ற அறக்கட்டளை பணம் கொடுக்க, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. டபிள்யூ. சார்ட்டர்ஸ் தலைமையில் 1929 முதல் 1932 வரை ஆய்வுகள் நடந்தன. 1933-லிருந்து வரிசையாகப் புத்தகங்கள் வந்தன.

சில ஆய்வுகளைப் படிச்சா இப்போ சிரிப்பு வரும். படம் பார்த்த பிள்ளைங்க ராத்திரி எத்தனை முறை புரண்டு படுக்கிறாங்கன்னு கட்டிலில் கருவி மாட்டி அளந்திருக்காங்க. ஹெர்பர்ட் ப்ளூமர் என்ற சமூகவியலாளர், மாணவர்களிடமே 'என் சினிமா சுயசரிதை' எழுதி வாங்கினார். எட்கர் டேல் என்பவர் 1920, 1925, 1930 ஆகிய மூணு வருஷத்திலும் வருஷத்துக்கு 500 படம் என்று 1500 படங்களின் கதைகளை வகை பிரிச்சார். காதல், பாலியல், குற்றம், இந்த மூணுலேயே முக்கால்வாசி அடங்கிடுச்சு. (இன்னிக்கு நம்ம ஊர்ல எண்ணினா எவ்வளவு வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க!)

ஆனா சிரிக்க முடியாத ஆய்வும் ஒண்ணு உண்டு. இல்லினாய்ஸ் மாநிலத்தில் கிரிஸ்டல் லேக் என்று ஒரு சின்ன ஊர். கறுப்பின மக்கள் அநேகமாக இல்லாத ஊர். அங்கே ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, கறுப்பின மக்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பிறகு டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெறிக் கும்பலை ஹீரோவாக்கின படம் அது. படம் முடிந்ததும் மறுபடி கேள்வித்தாள். பிள்ளைகளின் வெறுப்பு நன்றாகவே ஏறியிருந்தது. ஐந்து மாதம் கழித்துக் கேட்டபோதும் பெரும்பகுதி இறங்கவில்லை. இத்தனைக்கும் பார்த்தது ஒரே ஒரு தடவை! ரூத் பீட்டர்சன், தர்ஸ்டன் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த ஆய்வு இது.

சரி, இதுக்கு மருந்து என்ன? ரெண்டு வழி பேசினாங்க.

ஒண்ணு, கத்திரிக்கோல். 1930-ல் எழுதி வைத்த ஒழுக்க விதிகளை 1934-லிருந்து ஜோசப் ப்ரீன் கறாராக அமல்படுத்த ஆரம்பித்தார். எதைக் காட்டலாம், கூடாதுன்னு மேலிருந்து முடிவு பண்ற வழி.

இன்னொண்ணு, பிள்ளைங்களையே பார்க்கப் பழக்குற வழி. 1500 படங்களைப் பிரிச்ச அதே எட்கர் டேல், 1933-ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகவே ஒரு கையேடு எழுதினார். படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, விமர்சனம் எப்படி எழுதுவது, கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, அரங்க அமைப்பு, ஒலி, இசை, இயக்கம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். கடைசியில், சினிமா எதற்காக என்ற கேள்வி. சித்தப்பா பொண்ணு நோட்டுல இருக்கிற அதே வரிசை!

நியூவார்க் நகரத்து ஆசிரியர் வில்லியம் லெவின் போன்றவர்கள் இதை ஆங்கில வகுப்புக்குள் கொண்டு போனார்கள். ஸ்டுடியோக்களும் சந்தோஷமாகக் கை கொடுத்தன. கொடுக்காமலா? 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' (1935), 'ரோமியோ அண்ட் ஜூலியட்' (1936) மாதிரி இலக்கியப் படங்களுக்குப் பாடக் கையேடு போட்டால், ஒரு வகுப்பே டிக்கெட் வாங்கும். படத்தைக் கேள்வி கேட்கக் கிளம்பின பாடம், கொஞ்சம் கொஞ்சமா 'நல்ல படத்தை ரசிப்பது எப்படி'ன்னு மாறிடுச்சு.

இங்கேதான் எனக்கு உறுத்துது. கிரிஸ்டல் லேக்கில் காட்டின படத்தை இந்தப் பட்டியலை வெச்சு மதிப்பெண் போட்டுப் பாருங்க. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, போர்க்களக் காட்சிகள், எல்லாத்திலும் அந்தக் காலத்துக்கு உச்சம். எங்க பாஷையில சொன்னா, எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ். ஆனா அந்த சாஃப்ட்வேரை எதுக்கு எழுதினாங்க, யார் தலையில அது விழும்னு கேட்க ஒரு டெஸ்ட் கேஸ்கூட இல்லை. டேல் கடைசி அத்தியாயத்தில் கேட்டது அதைத்தான். நாம எல்லாரும் எழுதுற விமர்சனத்தில், 'பின்னணி இசை மிரட்டல், கேமரா கண்ணுக்குக் குளிர்ச்சி'ன்னு முடிக்கும்போது முதலில் கழண்டு விழுறதும் அதுதான்.

அந்த ஆய்வுகள் மேலேயும் விமர்சனம் வந்தது. மார்ட்டிமர் ஆட்லர் 1937-லேயே, இவங்க முறையே சரியில்லைன்னு ஒரு புத்தகத்தில் தாக்கினார். வரட்டும், ஆய்வையும் கேள்வி கேட்கத்தானே வேணும்.

பி.எட். படிச்சவங்களுக்கு எட்கர் டேல் பெயர் ஏற்கனவே பழக்கமா இருக்கும். 'அனுபவக் கூம்பு'ன்னு மனப்பாடம் பண்ணுவாங்களே, 1946-ல் அதைப் போட்டவர் இவரேதான். 'படிச்சதுல 10 சதவீதம், பார்த்ததுல 30 சதவீதம் மனசுல நிக்கும்'னு அந்தக் கூம்பு பக்கத்துல எண்களும் சுத்துது. டேல் அப்படி எந்த எண்ணும் போடலை. பின்னாடி யாரோ ஒட்ட வெச்சது. பார்க்கிறதையெல்லாம் நம்பாதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க நினைச்ச மனுஷன் பேர்லயே, யாரும் சரிபார்க்காத எண்கள் வகுப்பு வகுப்பா ஓடுது.

அதனால அசைன்மென்ட் எழுதுற தம்பி தங்கச்சிங்களுக்கும், வாராவாரம் எழுதுற நமக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். தலைப்புகள் எல்லாம் இருக்கட்டும். கூடவே ஒரு கேள்வி சேர்த்துக்கோங்க: இந்தப் படம் யாரைப் பார்த்து என்னைச் சிரிக்கச் சொல்லுது, யாரை வெறுக்கச் சொல்லுது? அதுக்கு ரெண்டு வரி பதில் எழுதிட்டு, அப்புறம் கேமராவைப் பத்தி எழுதுங்க.