ஒரு கஞ்சா சிகரெட்டின் விலை: ரோக்கி எரிக்ஸன்

அறுபதுகளின் சைகடெலிக் இசை என்றதும் நம் நினைவு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கோ லண்டனுக்கோதான் செல்கிறது. ஆனால் அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்த முதல் இசைத்தட்டுகளுள் ஒன்று, பழமைவாதத்துக்குப் பெயர்போன டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து வந்தது. 1966இல் வெளியான அதன் பெயர் 'தி சைகடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்'. அதன் பாடகர் ரோக்கி எரிக்ஸனுக்கு அப்போது வயது 19.

1947இல் டாலஸில் பிறந்து ஆஸ்டினில் வளர்ந்தவர் ரோக்கி. தலைமுடியை வெட்டிக்கொள்ள மறுத்துப் பள்ளிப்படிப்பை முடிக்காமலே வெளியேறினார். 1965 இறுதியில் எலிவேட்டர்ஸ் குழு உருவானது. ஸ்டேஸி சதர்லண்ட் கிடார் வாசித்தார். டாமி ஹால் ஒரு ஜாடியின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு விசித்திரமான குமிழோசை ஒன்றை எழுப்பினார். பாடல் வரிகள் பலவற்றை எழுதியவரும் அவரே. எல்.எஸ்.டி. வழியாக மனித மனம் உயர்நிலையை எட்டும் என்பது ஹாலின் உறுதியான நம்பிக்கை. இசைத்தட்டின் உறையிலேயே அதை ஒரு கொள்கை விளக்கம்போல அச்சிட்டிருந்தார்கள். அந்தக் கொள்கைக்கு உயிர் கொடுத்தது ரோக்கியின் குரல். 'யூ ஆர் கோனா மிஸ் மீ' பாடலில் அலறல் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அப்பாடல் அமெரிக்கத் தரவரிசையில் 55ஆம் இடம்வரை சென்றது. அதைவிடப் பெரிய வெற்றி அக்குழுவுக்கு வாய்க்கவில்லை.

1968இல் ரோக்கியிடம் மனச்சிதைவு நோய் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஆஸ்டினில் ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டுடன் பிடிபட்டார். அன்றைய டெக்ஸாஸ் சட்டப்படி எவ்வளவு சிறிய அளவாயினும் அது பெருங்குற்றம். தண்டனை இரண்டாண்டு முதல் ஆயுள்வரை. சிறையைத் தவிர்ப்பதற்காக, சித்தசுவாதீனமற்றவர் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. முதலில் வைக்கப்பட்ட ஆஸ்டின் மருத்துவமனையிலிருந்து அவர் தப்பியோடவே, குற்றம்புரிந்த மனநோயாளிகளுக்கான ரஸ்க் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கொலை செய்தவர்களுக்கு நடுவே, மின்னதிர்ச்சிக்கும் தோரசைன் மருந்துக்கும் இடையே, 1972 வரை அங்கிருந்தார். அங்கும் பாடல்கள் எழுதினார்; உடனிருந்தவர்களைக் கொண்ட ஓர் இசைக்குழுவிலும் பாடினார்.

அவர் வெளியேறிய மறு ஆண்டே, 1973இல், டெக்ஸாஸ் தன் சட்டத்தைத் திருத்தியது. சிறிதளவு கஞ்சா வைத்திருப்பது சிறு குற்றமாகிவிட்டது.

பின்னர் அவர் பேய்களையும் நடைபிணங்களையும் பற்றிப் பாடினார். தன் உடலில் செவ்வாய்க் கிரகவாசி ஒருவர் குடியிருப்பதாக 1982இல் சான்றுறுதி பெற்ற பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டார். ரசிகர்கள் இவற்றைக் கலைஞனின் கிறுக்கு என்று கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது: பைத்தியத்தை மேதைமையின் மறுபெயராக்கிவிட்டால், அதில் பிறருக்குள்ள பங்கைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நோய், எல்.எஸ்.டி., ரஸ்க் ஆகிய மூன்றில் எது எவ்வளவு சிதைத்தது என்று இன்று பிரித்தறிய இயலாது. ஆனால் நோய்க்கு எவரும் பொறுப்பில்லை, எல்.எஸ்.டி.யை அவரே நாடினார். ரஸ்க்கை அவருக்காகத் தேர்ந்தது அரசு.

2001இல் அவருடைய தம்பி, பிட்ஸ்பர்க் சிம்ஃபனி குழுவில் ட்யூபா வாசித்த சம்னர் எரிக்ஸன், சட்டப்படி அவருக்குக் காப்பாளரானார். முறையான சிகிச்சை கிடைத்தது. 2005இல் ரோக்கி மீண்டும் மேடையேறினார். 2010இல் ஒக்கர்வில் ரிவர் குழுவுடன் 'ட்ரூ லவ் காஸ்ட் அவுட் ஆல் ஈவில்' தொகுப்பை வெளியிட்டார். 2019 மே 31 அன்று ஆஸ்டினில் காலமானார்.

அந்தத் தொகுப்பு தொடங்குவது புதிய ஒலிப்பதிவோடு அல்ல. ரஸ்க்கில் இருந்த நாட்களில் பதிவான பழைய ஒலிநாடா ஒன்று முதலில் ஒலிக்கிறது. கரகரக்கும் அந்த நாடாவில் ஓர் இளைஞன் கடவுளைப் பற்றிப் பாடுகிறான். அலறல் அதில் இல்லை.