மாட்டின் கண்மட்டத்தில்

டெம்பிள் கிராண்டின் 1947இல் பாஸ்டனில் பிறந்தார். பேச்சு வரத் தாமதமான அந்தக் குழந்தையைக் காப்பகத்தில் விடும்படி சொன்னபோது தாய் மறுத்தார். 1970களில் அரிசோனா மாட்டுப்பண்ணைகளில், மாடுகள் மிரண்டு நின்ற நடைவழிக்குள் கிராண்டின் தாமே இறங்கி, அவற்றின் கண்மட்டத்திலிருந்து படமெடுத்தார். தரையில் விழும் நிழல், தொங்கும் சங்கிலி, ஈரத்தில் பளிச்சிடும் ஒளி: அடித்து விரட்டியவர்கள் எவரும் கவனிக்காத காரணங்கள் இவை. ஆட்டிசம் உள்ள தாம் படங்களாகவே சிந்திப்பதால் இவை கண்ணில் பட்டன என்கிறார் அவர். அந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன்.

ஆட்டிசத்தைக் காரணமாக்கினால் அவருடைய உழைப்பு மறைந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பார்த்ததை நிரூபிக்க அவர் பண்ணை பண்ணையாக அலைந்தார். 1989இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பார்வை பிறவியில் வந்தது, அறிவியல் உழைத்துச் சேர்த்தது. வட அமெரிக்க இறைச்சிக்கூடங்களுக்குச் செல்லும் மாடுகளில் ஏறத்தாழப் பாதி, மாடுகளைக் கையாள அவர் வடிவமைத்த அமைப்புகளின் வழியே சென்றிருக்கின்றன.