பெருவிலங்கு வேட்டை ரைபிள்களும் தோட்டாக்களும்

யானை, காட்டெருமை, சிங்கம், புலி, கரடி, மூஸ் மான் முதலிய பெரிய விலங்குகளைச் சுடுவதற்கென உருவான ரைபிள்களுக்கும் அவற்றின் தோட்டாக்களுக்கும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தனி வரலாறு உண்டு. எந்த நாட்டு வேட்டைக்காரர் கையில் எந்த ரைபிள் இருந்தது என்பதை அங்கே திரிந்த விலங்கு பாதிதான் முடிவு செய்தது. அந்நாட்டுப் படை எதைத் தோளில் சுமந்தது, அரசு எதைத் தடை செய்தது, பழைய ராணுவச் சரக்கு என்ன விலைக்குச் சந்தைக்கு வந்தது ஆகியவை மீதிப் பாதியை முடிவு செய்தன.

கரிமருந்துக் காலத்தில் ஒரு எல்லைக்கு மேல் குண்டின் வேகத்தைக் கூட்ட முடியாது. மருந்தை இன்னும் அள்ளிக் கெட்டித்தால் புகையும் உதையும்தான் கூடும். எனவே யானையை வீழ்த்த ஒரே வழி, குண்டின் எடையைக் கூட்டுவது. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக வார்த்தால் அவை குழலுக்குப் பொருந்துமோ, அந்த எண்ணே அன்று துப்பாக்கியின் அளவு. 4 எண் துப்பாக்கியின் உருண்டை கால் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 113 கிராம். இத்தகைய துப்பாக்கிகளின் பெரிய சோதனைக்களமாக இருந்தது இலங்கை. யானைகள் பயிரை அழிப்பவை என்று கருதிய காலனி அரசு, அவற்றைச் சுடுவதை ஊக்குவித்த காலம் அது. மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் 1,300க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியேறிய அவர், தீவில் தாம் ஆடிய வேட்டைகளை 1854இல் நூலாக வெளியிட்டார். பிறகு அபிசீனியாவுக்குப் போனபோது பேக்கர் கொண்டுபோன, ஹாலண்ட் நிறுவனம் செய்த துப்பாக்கி அரைப் பவுண்டு வெடிகுண்டைச் சுடும். அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் 'பேபி'. உதைக்கு அஞ்சி அதை அரிதாகவே எடுத்தார்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1870களில் ஆப்பிரிக்காவின் தெற்கே தந்த வேட்டையைத் தொடங்கிய பிரெடரிக் செலூஸ், வாய்வழி மருந்து கெட்டிக்கும் மலிவான 4 எண் துப்பாக்கிகளைக் கொண்டு யானைகளைச் சுட்டார். அவற்றின் உதை தம் நரம்புத் தளர்வுக்கே காரணமாயிற்று என்று பிற்காலத்தில் வருந்தினார். விசையை இழுக்கும் கணத்தில் தோள் தானாகவே பின்வாங்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், பிறகு சின்னத் துப்பாக்கியிலும் குறி தவறும்.

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே புகையற்ற மருந்தைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டன் கார்டைட் என்ற தன் சொந்த வகையை உருவாக்கிக்கொண்டது. வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. 1898இல் லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. அரை அங்குலத்துக்கும் குறைந்த விட்டமுள்ள 31 கிராம் குண்டு நொடிக்கு 650 மீட்டருக்கு மேல் பாய்ந்தது. பழைய பெருங்குழல் துப்பாக்கியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்தக் குண்டு, கெட்டியான உலோகப் போர்வை இருந்ததால் யானையின் மண்டையைத் துளைத்து மூளை வரை சென்றது. பத்தே ஆண்டுகளில் 4 எண், 8 எண் துப்பாக்கிகள் காட்சிப் பொருளாயின.

இந்தத் தோட்டாவுக்கு ஏற்ற ஆயுதமாக ஆங்கிலேயர் கண்டது இரட்டைக்குழல் ரைபிள். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனிப் பொறி. ஒன்று மக்கர் செய்தாலும் மற்றது வெடிக்கும். முதல் வெடிக்கும் இரண்டாவதுக்கும் இடையே கைபிடியை அசைக்க வேண்டியதில்லை, சத்தமும் இல்லை. புதர் நடுவே இருபது அடியில் எருமை பாயும்போது இது உயிர்காக்கும் வசதி. ஆனால் இரு குழல்களும் ஒரே புள்ளியில் குண்டைச் சேர்க்கும்படி ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுச் சுட்டு இழைக்க வேண்டும். அந்தக் கைவேலையின் விலையைத் தாங்கக்கூடியவர்கள் சுல்தான்களும் மகாராஜாக்களும் லண்டன் செல்வந்தர்களும்தான்.

இங்கே சட்டம் குறுக்கிட்டது. மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கும் .450 குண்டுகளே பொருந்தும். அந்தக் குண்டுகள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தடை செய்தது. துப்பாக்கி நிறுவனங்களின் மிகப் பெரிய சந்தையே இந்தியாதான். ஒன்றிரண்டு ஆண்டுக்குள் .465, .470, .475, .476 எனப் புதுத் தோட்டாக்கள் வரிசைகட்டி வந்தன. விலங்கின் உடலில் இவை அனைத்தும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜோசப் லாங்கின் .470 மட்டும் மற்றவற்றை மிஞ்சி இன்றும் இரட்டைக்குழல் ரைபிள்களில் அதிகம் விற்கும் அளவாக இருக்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் இன்று சுடப்படும் இந்தத் தோட்டா, இந்தியக் கிளர்ச்சி பற்றிய லண்டன் அச்சத்தின் பிள்ளை.

செல்வந்தர் அல்லாதவருக்கு ஜெர்மனி வழிகாட்டியது. பால் மௌசரின் 1898ஆம் ஆண்டு போல்ட் ஆக்ஷன் (கைபிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பொறி), தோட்டாவின் பின்விளிம்பைப் பெரிய கொக்கியால் பற்றிக்கொண்டே குழலுக்குள் செலுத்தும். தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா நழுவாது. போருக்காகச் செய்த இந்த உறுதி ஆபத்தான வேட்டைக்கும் அப்படியே பொருந்தியது. ரிக்பி இதை விரிவுபடுத்தி 1911இல் .416 தோட்டாவுக்கான ரைபிளை உருவாக்கியது. ஜெஃப்ரி நிறுவனத்தின் .404 கிழக்கு, தென் ஆப்பிரிக்க வனவிலங்குத் துறைகளின் வழக்கமான ஆயுதமாயிற்று. பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ பொக் 1905இல் வடிவமைத்த 9.3×62 தோட்டா இன்னும் சிக்கனமானது. 9.3 மில்லிமீட்டர் குழல் அளவு, 62 மில்லிமீட்டர் பித்தளைக் கூட்டின் நீளம். மாற்றம் ஏதுமின்றிச் சாதாரண மௌசரிலேயே அது அடங்கும் என்பதால், ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மன் விவசாயி ஒரே துப்பாக்கியால் மானையும் சுட்டான், தோட்டத்துக்குள் புகுந்த யானையையும் சுட்டான். ஜெர்மன் காலனிகள் முதல் உலகப்போரோடு போயின. 9.3×62 போகவில்லை. ஸ்வீடன், பின்லாந்தில் மூஸுக்கும், பிரான்சில் காட்டுப்பன்றிக்கும் அது இன்றும் ஓடுகிறது.

எடைதான் பலம் என்ற நம்பிக்கையை உடைத்தவர் 'கரமோஜோ' பெல் என்று அறியப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை அவர் சுட்டார். பெரும்பாலானவற்றை 7×57 மௌசரால், அதாவது ரிக்பி .275 என்று விற்ற சாதாரண ராணுவத் தோட்டாவால். குண்டின் எடை 11 கிராம் சுற்றுவட்டம். யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே அமைந்திருக்கிறது என்று படித்தவர் அவர். அதனால் சிறு குண்டு போதுமென்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. இதைக் கண்டு பின்பற்றியவர்கள் சிலர் திரும்பி வரவில்லை என்பதால்தான், பிற்காலத்தில் பல ஆப்பிரிக்க நாடுகள் குறைந்தபட்ச அளவைச் சட்டமாக்கின.

அந்தக் குறைந்தபட்ச அளவாகப் பெரும்பாலும் நின்றது .375 மேக்னம். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இல் வெளியிட்ட இதன் கூட்டின் அடியில் பட்டைபோல ஒரு வளையம் உண்டு. கார்டைட் குச்சிகளுக்காகச் சரிவாகக் குறுகும் வடிவத்தில் கூடு செய்யப்பட்டதால், அறைக்குள் அது சரியான இடத்தில் நிற்க அந்த வளையமே தாங்கல். சுமார் 19 கிராம் குண்டு நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் போகும். எருமைக்குப் போதும், யானைக்குத் துணிந்தவருக்குப் போதும், தொலைவில் நிற்கும் மானையும் விடாது. 1937 முதல் அமெரிக்க வின்செஸ்டர் மாடல் 70 ரைபிளிலும் கிடைக்கத் தொடங்கியதால், உலகில் எந்த ஊரிலும் தோட்டா கிடைக்கும் நிலை வந்தது. ஒரே ஒரு ரைபிளோடு உலகம் சுற்றப் புறப்படுபவருக்கு இன்றுவரை இதைவிடச் சிறந்த பதில் சொல்ல ஆளில்லை.

இந்திய வேட்டை வேறு கணக்கில் நடந்தது. யானைமேல் அம்பாரியிலிருந்தோ மரத்தின் பரணிலிருந்தோ பக்கத்திலிருந்து சுடுவதுதான் பழக்கம். குழல்முனையில் மட்டும் மரை, அதாவது குண்டைச் சுழற்றும் திருகுவரி, இட்ட பாரடாக்ஸ் துப்பாக்கி, சிறு ரவையும் பெரிய குண்டும் இரண்டையும் சுடும் என்பதால் 1880களிலிருந்து மதிக்கப்பட்டது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907இல் வீழ்த்தியபோது அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ரிக்பி .275. ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926இல் அவர் கொன்றது அதே ரைபிளால். பெருவிலங்குக்கு அவர் நம்பியது ஜெஃப்ரியின் .450/400 இரட்டைக்குழல். தெற்கே, பெங்களூரில் வாழ்ந்து ஜவளகிரி போன்ற ஊர்களின் ஆட்கொல்லிகளைத் துரத்திய கென்னத் ஆண்டர்சன், அமெரிக்க வின்செஸ்டர் 1895 வைத்திருந்தார். அதன் .405 தோட்டாவை தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சிங்கங்களைச் சுட்டுப் புகழ்பெறச் செய்தார்.

சுதந்திர இந்தியாவில் .303 போன்ற ராணுவ அளவுகள் குடிமக்களுக்குத் தடை. ஆகவே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .315 என்ற விளையாட்டு ரைபிளைத் தயாரித்தது. லீ-என்ஃபீல்ட் உடம்பில் ஆஸ்திரிய மான்லிகர் தோட்டாவைப் பொருத்திய கலப்பு அது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புலி வேட்டைக் காலத்தை முடித்துவைத்தது. .315 மட்டும் உரிமம் பெற்ற வீடுகளில் தங்கிவிட்டது.

அமெரிக்காவில் கதை பைசன் மந்தைகளில் தொடங்குகிறது. 1870களில் ஷார்ப்ஸ் ரைபிள்களின் கனத்த குண்டுகள் மந்தைகளைச் சில ஆண்டுகளிலேயே துடைத்தழித்தன. ராணுவம் 1873இல் ஏற்ற .45-70 தோட்டா அப்போதே வேட்டைக்காரர் கைக்கு மாறிவிட்டது. அலாஸ்காவில் கரடிக்கு எதிரான காவலாக இன்றும் சிலர் அதைத் தூக்குகிறார்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894, அதற்கென மறு ஆண்டு வந்த .30-30 புகையற்ற தோட்டாவோடு, குதிரைச் சேணத்தில் செருகிவைக்க வசதியான மான் துப்பாக்கியாயிற்று. எழுபது லட்சத்துக்கும் மேல் விற்றது. 1906ஆம் ஆண்டு ராணுவத் தோட்டாவான .30-06, இரு உலகப்போர்களிலிருந்து திரும்பிய வீரர்களோடு காட்டுக்குள் நுழைந்தது. அதன் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்த .270 வின்செஸ்டர் 1925இல் வந்தது. அதற்குப் பத்திரிகைப் பிரசாரகராக விளங்கியவர் ஜாக் ஓ'கானர். மெல்லிய வேகக் குண்டே போதும் என்றார் அவர். எதிர்க்கட்சியில் நின்ற எல்மர் கீத், கனத்த குண்டுதான் எல்க் மானுக்கும் கரடிக்கும் சரி என்று ஆயுள் முழுவதும் வாதாடினார். இருவரும் தாங்கள் சுட்ட விலங்குகளையே சாட்சியாக வைத்தார்கள். 1958இல் வின்செஸ்டர் வெளியிட்ட .338 மேக்னம் கீத்தின் கட்சிக்குச் சார்பாக அமைந்து அலாஸ்காவில் நிலைபெற்றது. மக்கள் பெரும்பான்மையாக ஓ'கானர் பக்கமே வாங்கினார்கள்.

வடக்கு ஐரோப்பாவில் மூஸ்தான் முதன்மை. 1890களில் ஸ்வீடனும் நார்வேயும் சேர்ந்து ஏற்ற 6.5×55 ராணுவத் தோட்டா, கண்டிப்பான கணக்குக்கும் பொருந்தியது. 10 கிராமுக்கு மேற்பட்ட குண்டு 100 மீட்டரில் 2,000 ஜூல் தந்தால் போதும் என்கிறது ஸ்வீடனின் விதி. அதைவிட இலேசான 9 கிராம் குண்டுக்கு 2,700 ஜூல் வேண்டும். நீண்ட, மெல்லிய, பதவிசாகச் சுடும் 6.5 அந்த முதல் வாசலில் நுழைந்துவிடும். நார்வேயில் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேறாதவருக்குப் பெருவிலங்கு வேட்டை இல்லை. பிரான்சிலோ 2013 வரை ராணுவ அளவுகள் குடிமக்களுக்கு அரிது. அதனால் அமெரிக்கர் .30-06 சுட்ட இடத்தில் பிரெஞ்சுக்காரர் ஜெர்மனியின் 7×64 பிரென்னகேயைச் சுட்டார்.

தென்னரைக்கோளத்தில் .303 நீண்டகாலம் ஆண்டது. நியூசிலாந்தில் குடியேறிகள் கொண்டுவந்து பெருகிவிட்ட செம்மான்களை 1930களிலிருந்து அரசே ஆள் வைத்துச் சுட்டது. ஆஸ்திரேலிய வடபிரதேசத்தில் இறக்குமதியான எருமைகளைக் குதிரையிலிருந்து மார்ட்டினி கார்பைன்களால் வீழ்த்தித் தோலெடுத்தார்கள். வடக்கிலும் .303 நீடித்த இடம் உண்டு: கனடாவின் வடமுனைக் காவல்படை, துருவக் கரடிக்கு எதிரான காவலாக லீ-என்ஃபீல்ட் எண் 4 ரைபிளை 2010களின் இறுதி வரை வைத்திருந்தது. அதன் இடத்தைப் பிடித்த சி19, பின்லாந்தின் டிக்கா வடிவத்தில் .308க்காகச் செய்யப்பட்டது. கடுங்குளிரில் பிழையின்றி இயங்கும் பழைய துப்பாக்கியை மாற்றுவதற்கு உதிரிபாகம் தீர்ந்துபோனதே முக்கியக் காரணம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆப்பிரிக்க வேட்டையில் பிரிட்டிஷ் நைட்ரோ தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவற்றைச் செய்துவந்த கைனாக் நிறுவனம் படிப்படியாக உற்பத்தியை நிறுத்தியது. வெற்றிடத்தில் 1956இல் வின்செஸ்டர் .458 நுழைந்தது. சாதாரண விலை, சாதாரண நீளமுள்ள கூடு, .450 அளவுக்குப் பலம் என்றது விளம்பரம். ஆனால் அந்தச் சிறிய கூட்டில் அமுக்கி அடைத்த மருந்து, வெப்பத்தில் பழையதாகும்போது கட்டிப்பட்டு வேகம் குறைந்தது. எருமையிடம் மொசாம்பிக்கில் காயம்பட்ட ஜாக் லாட் அதைத் திருத்தி, நீளமான கூட்டுடன் .458 லாட் தோட்டாவை 1971இல் வடிவமைத்தார். 1977இல் கென்யா வேட்டையையே தடை செய்ததில், இந்தத் தோட்டாக்களுக்கான பழைய கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தை போய், தான்சானியா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் மிஞ்சின.

அதிகம் பேசப்படாத பக்கம் குண்டின் உள்ளமைப்பு. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற லாரி நிறுவன முதலாளி .300 ஹாலண்டால் சுட்ட மூஸ் விழவில்லை. வேகக் குண்டு ஆழமாக உள்ளே செல்லாமலேயே சிதறியிருந்தது. முன்பக்கம் விரியவும் பின்பக்கம் விரியாமல் துளைக்கவும் நடுவில் செம்புச் சுவர் வைத்த குண்டை அவர் செய்து, 1948இல் விற்கத் தொடங்கினார். வேகம், எடை என்று ஓ'கானரும் கீத்தும் போட்ட சண்டையில் பாதியை இந்தச் சுவர் தீர்த்துவைத்தது.

ஈயமே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. குண்டு சிதறிய துணுக்குகளைக் குடலோடு விழுங்கும் கலிஃபோர்னியக் கழுகுகள் நஞ்சூறி இறந்ததால், அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுவதும் தடை செய்தது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் குண்டுகளுக்கும் தடை விதித்தது. முழுச் செம்புக் குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும். பழைய குழல்களின் மெதுவான மரை அதைச் சரியாகச் சுழற்றாது. எனவே 6.5 சுடுபவர்களும் .270 சுடுபவர்களும் ஒரு படி இலேசான குண்டுக்கு இறங்குகிறார்கள். ஆயுதத் தொழிற்சாலைகள் புதிய ரைபிள்களில் மரைச் சுற்றை நெருக்கமாக வெட்டுகின்றன.