பென் டிரைவை ஏற்காத லேப்டாப்புக்கு ஒரு வரலாறு உண்டு

2011 ஆகஸ்டில் தாக்கலான திருத்திய பட்ஜெட்டில், விலையில்லா லேப்டாப் திட்டத்துக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், அப்போது போடிநாயக்கனூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் தமிழகம் முழுக்க 50 லட்சத்துக்கு மேல் லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு நெடுக அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அவை வந்தன. அவற்றில் ஒன்றின் விண்டோஸ் கெட்டுப்போய், புது ஓ.எஸ். போடலாம் என்று பென் டிரைவைச் செருகினால், பல நேரம் அது பென் டிரைவைக் கண்டுகொள்வதே இல்லை. உடனே ‘போர்டு போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இந்த முடிவு தவறு. பூட் ஆகாததற்குக் காரணத்தைப் பழுதில் தேடுவதற்கு முன்னால், அந்த லேப்டாப் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

1981-ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, ஸ்விட்சைப் போட்டதும் முதலில் விழிக்கும் பயாஸுக்கு முக்கிய வேலை ஒன்று உண்டு: வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அதிலுள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைப்பது. ஃபிளாப்பிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் அது போதுமானதாக இருந்தது. 1996-ல்தான் யூ.எஸ்.பி. வெளிவந்தது, பென் டிரைவ் கடைக்கு வந்தது 2000 வாக்கில். பயாஸுக்கு அப்படியொரு பொருளே தெரியாது. அதனால் தயாரிப்பாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள்: பென் டிரைவை ஹார்டு டிஸ்க் என்றோ ஃபிளாப்பி என்றோ பயாஸை நம்பவைத்தார்கள். பழைய லேப்டாப்பின் பூட் வரிசையில் யூ.எஸ்.பி. என்ற பெயரையே காணாமல், ஹார்டு டிஸ்க் பட்டியலைத் திறந்தால் அதற்குள் இரண்டாவதாகப் பென் டிரைவ் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அதை மேலே ஏற்றினால் பூட் ஆகிவிடும். பிறகு பயாஸின் இடத்துக்கு யூ.இ.எஃப்.ஐ. வந்தது. அது முதல் 512 பைட்டுகளைத் தேடாது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பகுதியில், குறிப்பிட்ட ஃபோல்டருக்குள், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். ஒரு முறைக்காக மட்டும் தயாரித்த பென் டிரைவ், இன்னொன்றின் கண்ணுக்கு வெறும் டிரைவ்தான்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே நம் லேப்டாப்புகள் வந்தன என்பதைத்தான் யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் விண்டோஸ் 7-உம், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்புகள் பெரும்பாலும் லெகசி என்னும் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறவை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்ததும் யூ.இ.எஃப்.ஐ.யும், கையெழுத்தில்லாத பூட் நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டும் பரவின. ஒரே பள்ளியில் சில ஆண்டு இடைவெளியில் படித்த அக்காவின் லேப்டாப்பில் ஏறுகிற பென் டிரைவ் தம்பியின் லேப்டாப்பில் ஏறாமல் போவது இதனால்தான். போர்ட்டையும் பார்க்க வேண்டும்: நீல நாக்குள்ள யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டை அந்தக் காலத்து பயாஸ் சிலவற்றுக்கு இயக்கத் தெரியாது. பக்கத்திலுள்ள கறுப்புப் போர்ட்டில் செருகினால் வேலை முடிந்தது. போர்டில் இருக்கும் பொத்தான் செல் தீர்ந்துபோயிருந்தால், மாற்றிய செட்டிங்கும் தேதியும் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். இவை எதற்கும் போர்டை மாற்ற வேண்டியதில்லை.

இதெல்லாம் மெக்கானிக் அறிந்திருக்க வேண்டியது, வீட்டுக்காரருக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அது சரியான கேள்வி அல்ல. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகல ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். லேப்டாப் கொடுத்த காலம் முழுவதும் இங்கே ரயில் இல்லை. கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். போர்டு வேலைக்காக அங்கே பஸ்ஸில் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். ஆனால் எஃப்2, எஃப்12 என்று ஒரு கீயைத் தட்டித் தீர்த்துவிடக்கூடிய சிக்கலுக்கு மதுரையே தேவையில்லை. கணினி இந்த மண்ணுக்கு அந்நியமும் அல்ல. போடியில் ஏலக்காய் ஏலம் 2000-களின் பிற்பகுதியிலேயே கணினிக்கு மாறியது. விலை கூறுவதைக் கீபோர்டுக்குக் கொண்டுபோன வியாபாரிகளின் ஊர் இது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பூட் ஆனாலும் அந்த லேப்டாப்பால் என்ன பயன்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழையவற்றில் இல்லை. இதை மறுக்க முடியாது. பேட்டரி செத்தது, ஹார்டு டிஸ்க் தேய்ந்தது என்று உண்மையிலேயே முடிந்துபோனவையும் உண்டு. ஆனால் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால், தமிழில் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் நிரல் கற்கவும் பழைய லேப்டாப் இன்றும் போதும். போனின் கையகலத் திரையில் பிளஸ் டூ மாணவி ஒரு ப்ராஜெக்ட் எழுதி முடிப்பது பெரும்பாடு. செக்யூர் பூட்டை அணைப்பது ஆபத்து என்பதும் பாதி உண்மையே. பெரிய லினக்ஸ்கள் பல கையெழுத்தோடு வருவதால் முதலில் அதை அணைக்காமலே முயல வேண்டும். ஏறாவிட்டால் மட்டும் அணைக்கலாம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தரும் அறிவிப்பு வந்தது. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் லெகசி முறை அடியோடு போய்விட்டது. பழைய லேப்டாப்புக்காக லெகசி முறையில் செய்துவைத்த பென் டிரைவை அவை ஏற்காது. பூட் மெனுவுக்கு எந்தக் கீ, எந்த முறை, எந்தப் போர்ட் என்பதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துப் புது லேப்டாப்பின் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அதே தாளை அவரவர் பள்ளியிலேயே ஒட்டிவைக்கலாம்.