திப்பு என்னும் பெயர்: ஆற்காட்டிலிருந்து தேவனஹள்ளி வரை

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பணியாற்றும் நண்பர் ஒருவர் அண்மையில் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. நண்பரின் குடும்பம் கிருஷ்ணகிரியில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தக்கனி உருது பேசும் குடும்பம். மனைவியோ மேலப்பாளையத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆண் குழந்தை பிறந்தால் திப்பு என்று பெயரிட வேண்டும் என்பது நண்பருடைய தந்தையின் விருப்பம். முகைதீன் என்றிருக்கட்டும் என்பது மாமியாரின் ஆசை. பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனரோ, எல்லைக்கு அப்பால் பிழைக்கப் போகும் பிள்ளைக்கு அந்த அரசரின் பெயர் வேண்டாம் என்று அஞ்சினார். மூவர் சொல்லையும் நம்மிடம் எடுத்துரைத்த நண்பர் இறுதியில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: திப்பு என்றால் பொருள் என்ன?

கன்னடத்தில் புலி என்று பொருள் என்பார் பலர். பாட நூல்களைக் கடந்து மேடைப் பேச்சு வரை இக்கருத்து பரவியிருக்கிறது. ஆனால் கன்னடத்தில் புலிக்குப் பெயர் ஹுலி. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது மொழியியலார் நன்கறிந்த செய்தி: பால் ஹாலு ஆகும், பல் ஹல்லு ஆகும், புலி ஹுலி ஆகும். திப்பு என்னும் சொல்லுக்கும் புலிக்கும் தொடர்பில்லை. அவர் அரியணையிலும் படையினர் உடையிலும் புலியையும் புலிவரியையும் சின்னமாக்கினார் என்பது உண்மை. அச்சின்னம் வந்த வழி வேறு. அவருடைய தந்தையின் பெயரான ஹைதர் என்பதற்குச் சிங்கம் என்று பொருள். அது ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர். அவர்களையே குறிக்கும் 'அஸதுல்லாஹில் காலிப்' என்னும் தொடரைப் புலிமுக வடிவில் எழுதி ஆயுதங்களில் பொறித்தார் திப்பு. ஆகவே விலங்குச் சின்னம் தந்தையின் பெயரோடு உறவுடையது. மகனின் பெயர் மற்றோர் இடத்திலிருந்து வந்தது.

அந்த இடம் ஆற்காடு. அங்கே அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியா என்னும் இறைநேசரின் பெயரே மைசூர் அரசருக்கு இடப்பட்டது. 'மஸ்த்' என்னும் பாரசீகச் சொல் மயக்க நிலையைக் குறிக்கும். இறைக்காதலில் தம்மை மறந்தவர்களை மஸ்தான் என்று மக்கள் அழைத்தனர். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய குணங்குடியாரைத் தமிழகம் மஸ்தான் சாகிபு என்றே அறியும். திப்பு மஸ்தானும் அந்த மரபினர். அவர் நாடாண்டவரும் அல்லர், வாளேந்தியவரும் அல்லர்.

மைசூர்க் குடும்பத்துக்கு ஆற்காட்டோடு பழைய உறவு இருந்தது. ஹைதர் அலியின் தந்தை ஃபத்ஹ் முஹம்மது ஆற்காட்டு நவாப் சஆததுல்லாஹ் கானிடம் படைப்பணி புரிந்தவர். பின்னர் மைசூர்ப் பகுதிக்குச் சென்றார். ஹைதர் பிறந்த பூதிக்கோட்டை, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டியுள்ள கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. ஹைதரின் மனைவி ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா கடப்பைக் கோட்டையின் ஆளுநராக இருந்த மீர் முயீனுத்தீனின் மகள். இத்தம்பதியர் ஆண் மகவையும் சுகப் பிரசவத்தையும் வேண்டி ஆற்காட்டு இறைநேசரின் அடக்கத்தலம் சென்று இறைஞ்சினர். வேண்டுதல் நிறைவேறவே அவர் பெயரைப் பிள்ளைக்கு இட்டனர். முஹிப்புல் ஹசன் 1951இல் வெளியிட்ட திப்பு வரலாற்றிலும் இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. பிறக்கும் பிள்ளையை இறைப்பணிக்கே விடுவதாகப் பெற்றோர் நேர்ந்துகொண்டனர் என்றும் ஒரு மரபு வழங்குகிறது.

1750 நவம்பர் 20, ஹிஜ்ரி 1163 துல்ஹஜ் 20 அன்று தேவனஹள்ளியில் அப்பிள்ளை பிறந்தது என்பது பெரும்பான்மை வரலாற்றாளர் கொள்கை. அன்று ஹைதர் அரசர் அல்லர். முந்தைய ஆண்டு நிகழ்ந்த தேவனஹள்ளி முற்றுகையில் வீரம் காட்டி முன்னேறத் தொடங்கியிருந்த படைத்தலைவர் மட்டுமே. அரியணை அவர் கனவில்கூட இருந்திருக்குமா என்பது ஐயமே. எனவே திப்பு என்பது இளவரசனுக்கு இட்ட பெயரன்று. பிள்ளை நலமாகப் பிறக்க வேண்டுமே என்று ஏங்கிய ஒரு தாயும் தந்தையும் ஒரு ஃபக்கீரின் நினைவாக இட்ட பெயர்.

கூடவே பாட்டனார் ஃபத்ஹ் முஹம்மதின் நினைவாக ஃபத்ஹ் அலீ என்ற பெயரும் அப்பிள்ளைக்கு வழங்கியது. இம்முறையைத் திப்புவும் கைக்கொண்டார்: தம் மூத்த மகனுக்கு ஃபத்ஹ் ஹைதர் என்று பெயரிட்டதில் பாட்டனும் முப்பாட்டனும் ஒருசேர இடம்பெற்றனர். மற்றொரு மகனின் பெயர் முஹ்யித்தீன். மேலப்பாளையத்து மாமியார் விரும்பிய பெயரும் அதுவே! பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயர் தமிழகத்தில் முகைதீன், மைதீன் என்றாயிற்று. ஷைகு அப்துல் காதிர் என்பது சீதக்காதி என்றாயிற்று. தக்கனி வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் ஒலி வேறுபடினும் ஊற்று ஒன்றே.

பெயரின் அருமையை அறிந்தவர் திப்பு என்பதற்கு அவர் நாணயங்களும் சான்று. அவற்றில் தம் பெயரை அவர் பொறிக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் கலீபாக்களையும் நினைவூட்டிப் பொன் நாணயங்களுக்கு அஹ்மதி, சித்தீக்கி, ஃபாரூக்கி என்று பெயரிட்டார். வெள்ளி ரூபாய் இமாமி எனவும் இரட்டை ரூபாய் ஹைதரி எனவும் வழங்கின.

குழந்தை கருவில் இருக்கும்போதே பெயரைப் பற்றி எண்ணுவது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. ஜகரிய்யா (அலை) அவர்களுக்கு மகன் பிறப்பான் என்ற நற்செய்தியோடு யஹ்யா என்ற பெயரும் இறைவனிடமிருந்தே வந்ததைத் திருமறையின் மர்யம் அத்தியாயம் அறிவிக்கிறது. இம்ரானின் மனைவி தம் வயிற்றிலுள்ள பிள்ளையை இறைவனுக்கே நேர்ந்துகொண்டதையும், பிறந்தது பெண்ணாக இருக்கக் கண்டு மர்யம் என்று பெயரிட்டதையும் ஆல இம்ரான் அத்தியாயத்தில் காண்கிறோம். தமக்கு மகன் பிறந்த இரவிலேயே தம் முன்னோரான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரை நபிகளார் இட்டார்கள் என்று முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கரடுமுரடு என்று பொருள்படும் ஹஸ்ன் என்ற பெயருடைய ஒருவரிடம், எளிமை எனப் பொருள்படும் ஸஹ்ல் என்று மாற்றிக்கொள்ளும்படி அவர்கள் கூறியதும், தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்று அவர் மறுத்ததும், அதன்பின் அக்கடுமை தம் குடும்பத்தை விட்டு நீங்கவில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வருந்தியதும் புகாரியில் உள்ளன.

இறைநேசர் அடக்கத்தலத்தில் வேண்டுதல் செய்வது பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. நேர்ச்சை அல்லாஹ்வுக்கே உரியது என்பதில் ஆலிம்களிடையே இரு கருத்தில்லை. அவ்விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நல்லடியாரின் பெயரைப் பிள்ளைக்கு இடலாம் என்பதில் மட்டும் இரு சாராரும் உடன்படுவர். ஆகவே பெயருக்குத் தடையில்லை.

இனி மைத்துனரின் அச்சத்துக்கு வருவோம். அது வெற்று அச்சமன்று. கர்நாடக அரசு 2015இல் திப்பு பிறந்தநாளை அரசு விழாவாக்கியது. 2019இல் அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பெயர் அரசியல் பூசலின் பொருளாகிவிட்டது. அவருடைய ஆட்சியைக் குறித்து வரலாற்றாளரிடையே இன்றும் மாறுபட்ட மதிப்பீடுகள் உள்ளன. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சென்றால் பெங்களூர். நாள்தோறும் வேலைக்காக எல்லையைக் கடப்போர் பல்லாயிரவர். எந்தப் பக்கத்து ஆள் என்ற கேள்வி அவர்களுக்குப் பழகிப்போனது.

ஆனால் அந்த எல்லைக்கே ஒரு வரலாறு உண்டு. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. ஓசூர் மட்டும் திப்புவிடமே இருந்தது. 1799 மே 4 அன்று அவர் போர்க்களத்தில் மாண்ட பிறகே ஓசூரும் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. அது 1965இல் தருமபுரி மாவட்டத்துக்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. திப்பு என்ற பெயர் இக்கோடுகளுக்கெல்லாம் மூத்தது. தமிழ் மண்ணில் அடங்கிய இறைநேசரின் பெயர், கன்னட மண்ணில் பிறந்த குழந்தைக்குச் சென்றது. அன்று அதைத் தடுக்க எந்த எல்லையும் இருக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து தேவனஹள்ளிக்கு இன்று வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகவும் செல்லலாம்.

இன்னொன்றும் நினைக்கத் தக்கது. 1799க்குப் பின் திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். வேலூரிலிருந்து ஆற்காடு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். தம் தந்தையின் பிறப்புக்காகப் பாட்டி இறைஞ்சிய இடத்துக்கு ஒரு நாள் நடைத் தொலைவில், ஏழாண்டுகள் அப்பேரப்பிள்ளைகள் அடைபட்டிருந்தனர்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். பெயரை இடுவதும் விடுவதும் பெற்றோரின் உரிமை. மைத்துனரின் கவலையைத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. இட விரும்பினால் அரசரின் வீரத்துக்காக மட்டும் இட வேண்டாம், அப்பெயர் ஓர் ஏழை இறையடியாருடையது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கவேண்டும் என்றோம். நாளை ஒருவர் அப்பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும்போது, சினமின்றி எடுத்துரைக்க அப்பிள்ளையிடம் ஒரு வரலாறு இருக்கும். இட வேண்டாமெனில் முகைதீன் இருக்கிறது. திப்புவே தம் மகனுக்கு இட்ட பெயர் என்று பாட்டனாரும் மனம் நிறைவார்.

புறப்படும்போது நண்பர், பெண்ணாகப் பிறந்தால் என்ன செய்வது என்று கேட்டார். இம்ரானின் மனைவிக்கும் அப்படித்தான் நேர்ந்தது என்று நினைவூட்டினோம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கும்பஸில் ஹைதருக்கும் திப்புவுக்கும் அருகே மூன்றாவதாக ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. பிள்ளைக்காக ஆற்காடு வரை சென்று இறைஞ்சிய அந்தத் தாயினுடையது அது. அவர் பெயரைச் சூட்ட ஃபாத்திமா என்று அழைத்தாலே போதும். அதற்குத் தக்கனி வீட்டிலும் தமிழ் வீட்டிலும் மறுப்பு இராது.