வேம்பும் ஒரு வினாவும்

செவ்வாப்பேட்டைக்குச் சென்னைப் பக்கமாக அடுத்த இரயில் நிலையம் வேப்பம்பட்டு. வேம்பைப் பெயரிலேயே தாங்கிய ஊரார்க்கு அதன் பயனைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறை ஒன்றிற்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. அதனை எதிர்த்து வழக்காடியவர்களுள் ஒருவர் வந்தனா சிவா.

1952இல் டேராடூனில் பிறந்தவர் இவ்வம்மையார். தந்தையார் வனத்துறை அலுவலர். அன்னையார் உழவுத் தொழில் மேற்கொண்டவர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றபின் கனடா சென்று, குவாண்டம் கோட்பாட்டின் மெய்யியற் சிக்கல்களை ஆராய்ந்து முனைவரானார். மேடைகளில் இவரை அணு விஞ்ஞானி என்று அறிமுகம் செய்வதுண்டு. பட்டமோ தத்துவத்துறையைச் சார்ந்தது. அறிவியல் எதனை அறிவென ஏற்கிறது, எதனைப் புறந்தள்ளுகிறது என்பதே இவருடைய வினா.

அவ்வினா மண்ணைத் தொட்டது கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில். சமூகக் காடு என்ற பெயரில் கேழ்வரகு விளைந்த நிலங்களில் தைலமரம் நடப்பட்டதன் விளைவுகளை இவரும் உடன் ஆய்வாளரும் 1981இல் ஆராய்ந்து வெளியிட்டனர். ஆலைக்குச் செல்லும் மரம் கணக்கில் ஏறியது. மாட்டுத் தீவனமும் நிலத்தடி நீரும் ஏறவில்லை. விடுபட்டவை பெரும்பாலும் பெண்கள் அன்றாடம் தேடிச் சுமப்பவை. 1988இல் வெளியான 'ஸ்டேயிங் அலைவ்' என்னும் நூலில் இதனை விரித்து, முழுமையைத் துண்டாக்கி அளக்கும் நவீன அறிவியல் ஆணாதிக்கத்தின் ஆக்கம் என்றும், இயற்கையைக் காப்பது பெண்மைத் தத்துவமே என்றும் வாதிட்டார். மரங்களைத் தழுவி நின்ற சிப்கோ பெண்கள் அந்நூலின் நாயகியர்.

கவிஞர்க்கு இக்கருத்து இனிக்கும். நிலத்தை நல்லாளாகவும் ஆற்றைத் தாயாகவும் பாடிப் பழகிய மரபு நம்முடையது. உழவன் சென்று பாராத நிலம் இல்லாளைப்போல் பிணங்கும் எனக் கண்டவர் வள்ளுவர். ஆனால் அவ்வுவமையில் நிலம் மனைவி, உடையவன் கணவன். பொருளியலறிஞர் பீனா அகர்வால் 1992இல் எழுப்பிய மறுப்பு இவ்விடத்தில்தான் உறைக்கிறது. பெண்கள் அனைவரும் ஒரு நிலையினர் அல்லர். இயற்கையோடு அவர்க்குள்ள உறவு சாதியாலும் உடைமையாலும் உழைப்பாலும் அமைவது, பிறப்பால் அன்று என்றார் அவர். 1994இல் பெண்களின் நிலவுரிமை பற்றியே பெருநூல் ஒன்றும் இயற்றினார். நிலமகளைப் பாடிய தமிழகத்தில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை சட்டமானது 1989இல்தான். அதுவும் அதற்குமுன் மணமாகிவிட்டவர்க்கு அச்சட்டத்தில் இருக்கவில்லை. இவ்வாதத்தில் அகர்வாலின் பக்கமே வலியது.

மீரா நந்தாவின் மறுப்பு இன்னும் கடுமையானது. உயிரியலாளராய் இருந்து அறிவியல் தத்துவத்திற்கு வந்த இவர், அறிவியலை மேலைநாட்டு ஆணின் கருவி என்று தள்ளினால் மூடநம்பிக்கையையும் சாதியையும் வினவப் பெண்ணுக்கும் தலித்துக்கும் உள்ள ஆயுதம் பறிபோகும் என 2003இல் எழுதினார். பெரியார் மண்ணில் இதற்கு உரை வேண்டுவதில்லை.

வேம்பு வழக்கில் காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. பாட்டிமாரின் வழிவழி அறிவு அங்கே பேசப்பட்டது உண்மை. அதனுடன் முன்வைக்கப்பட்ட சான்றுகளுள், இந்திய வேளாண் நிறுவனம் ஒன்று 1985, 1986ஆம் ஆண்டுகளில் மகாராஷ்டிரத்தில் வேம்புச் சாற்றைக் கொண்டு நடத்திய வயற்சோதனையும் ஒன்று.